காளான் சுக்கா வைங்க, பக்கத்தில் சுண்டலும் வைங்க

புரட்டாசி பிறந்தால் உணவியல் ஆலோசனைக்கு வருபவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான்: "மேடம், கறி நிறுத்தியாச்சு. அதுக்குப் பதிலா காளான் சாப்பிடறோம், போதும்ல?" விரதத்துக்காக நிறுத்தியவர்கள், கொலஸ்ட்ரால் அறிக்கையைப் பார்த்துப் பயந்து நிறுத்தியவர்கள், ஆட்டுக்கறி விலையைப் பார்த்து நிறுத்தியவர்கள் என்று எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். நாக்குக்குப் போதும், உடம்புக்குப் போதாது.

காளானில் கறிக்கு நிகரான புரதம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? மொட்டுக் காளானில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை முழுக்கக் காயவைத்து, மிஞ்சும் பொடியை எடை போட்டால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் இருக்கும். நாம் பொடியையா சாப்பிடுகிறோம்? 100 கிராம் பச்சைக் காளானில் ஏறக்குறைய 3 கிராம் புரதம்தான் உண்டு. அதே எடை எலும்பில்லாத கோழியில் 20 கிராமுக்குக் குறையாது. கடையில் வாங்கும் 200 கிராம் பாக்கெட்டை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரை கிராம். ஒரு முட்டையில் கால்வாசி!

அதற்காகக் காளானை ஒதுக்க வேண்டியதில்லை. கறியை விட்டவர்கள் ஏங்குவது பெரும்பாலும் புரதத்துக்கு அல்ல, மென்று சாப்பிடும் அந்தச் சுகத்துக்கும் மசாலாவோடு சேரும் ருசிக்கும்தான். காளானில் ருசியைக் கூட்டும் குளூட்டமேட் என்ற பொருள் இயல்பாகவே இருப்பதால் அந்த ருசி வரும். அதன் செல்சுவரில் உள்ள கைட்டின் என்ற நார்ப்பொருள் சூட்டில் கரையாது. கத்தரிக்காயைப் போலக் குழையாமல், எவ்வளவு வேகவைத்தாலும் மெல்லும் பதம் நிற்பது அதனால்தான்.

பலர் வீட்டில் காளான் சவசவவென்று ஆவதற்குக் காரணம் தண்ணீர். வெங்காயம் தக்காளி வதக்கி, பச்சைக் காளானை அதில் கொட்டி மூடிவிடுகிறார்கள். அது விடும் தண்ணீரிலேயே அது வேகிறது. தண்ணீர் வற்றும்வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாமல் சிவக்காது, சிவக்காமல் கறி வாசனை வராது.

சுக்காவுக்குச் சிப்பிக் காளான் வாங்குங்கள். கத்தி வேண்டாம், நார்வாக்கில் கையால் கிழியுங்கள். அகலமான இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் ஊற்றாமல் பரப்புங்கள். அள்ளிக் குவிக்காதீர்கள். முதலில் தண்ணீர் விட்டுக் கொதிக்கும். அப்புறம் சத்தம் மாறி, சடசடவென்று பொரிகிற சத்தம் வரும். ஓரம் பழுப்பேறும்போது இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், கறிவேப்பிலை, நசுக்கிய சின்ன வெங்காயம், உப்பு. கடைசியில் இடித்த மிளகும் சோம்பும். முன்பே எண்ணெய் ஊற்றினால் காளான் அதை உறிஞ்சிக்கொள்ளும், கொழுப்பைக் குறைக்க வந்தவருக்கு அது வீண். (ஓட்டலில் மைதா மாவில் முக்கிப் பொரித்துத் தரும் காளான் 65-ஐ இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.)

குழம்புக்கும் பிரியாணிக்கும் பால் காளான் நல்லது. தண்டு தடிமனாக, கெட்டியாக இருக்கும். நம்மூர் வெப்பத்தைத் தாங்கி வளரும் வகை என்பதால் சமவெளியிலேயே விளைகிறது. இதையும் தனியாக வறுத்துவிட்டுத்தான் மசாலாவில் சேர்க்க வேண்டும்.

சரி, புரதத்துக்கு என்ன செய்வது? அதே தட்டில் வேறொன்றைச் சேருங்கள். காளான் குழம்பில் ஒரு கை வேகவைத்த கொண்டைக்கடலை, கொத்துக்கறி மாதிரி செய்தால் பாதிக்குப் பாதி மீல்மேக்கர், இல்லாவிட்டால் பருப்பும் தயிரும். பி12 வைட்டமினுக்குக் காளானை நம்பவே கூடாது. பால், தயிர் தினமும் இருக்கட்டும். அதையும் விட்டவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். வைட்டமின் டி வேண்டுமானால், நறுக்கிய காளானை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் காட்டிவிட்டுச் சமைக்கலாம். புற ஊதாக் கதிர் பட்டால் டி2 என்ற வகை வைட்டமின் டி உருவாகும்.

சிறுநீரக நோயாளிகள் என்னிடம் வந்தால் முதலில் பொட்டாசியம் அளவைத்தான் பார்ப்பேன். 100 கிராம் காளானில் 300 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. அவர்கள் தாங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் வயலிலும் புற்றிலும் முளைப்பதைப் பறித்து வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புழு அரித்திருந்தால் நல்ல காளான், வெள்ளிக் காசு கறுத்தால் விஷக் காளான் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. கொடிய வகைகளின் நச்சு வேகவைத்தாலும் போகாது. வாந்தியும் பேதியும் தொடங்கவே 6 மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நடுவில் சரியானது போலத் தோன்றி, அதன் பிறகு கல்லீரல் கெடும். சாப்பிட்டபின் சந்தேகம் வந்தால் மிச்சக் காளானை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வாந்தி நின்றுவிட்டாலும்.