உள்ளுறை வெப்பம்: பெயரும் பொருளும்

ஒரு பொருள் திண்மத்திலிருந்து நீர்மமாகவோ நீர்மத்திலிருந்து ஆவியாகவோ மாறும்போது, அதன் வெப்பநிலையைச் சற்றும் உயர்த்தாமல் அதற்குள் செல்லும் வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்கிறோம். சிங்கப்பூரில் அறிவியலை ஆங்கிலத்தில் பயிலும் நம் மாணவர்கள் இதை ‘லேட்டன்ட் ஹீட்’ என்றே அறிந்திருப்பார்கள். ‘இன்று வெப்பம் 34 டிகிரி’ என்று பேச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று பிரித்துப் பார்த்தால்தான் இச்சொல்லின் பொருள் பிடிபடும்.

0 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டி, அதே 0 டிகிரியில் நீராவதற்கு ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த நீரை 100 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 419 கிலோஜூல் போதும். ஆனால் 100 டிகிரி நீர் முழுவதும் 100 டிகிரி நீராவியாக மாற 2,257 கிலோஜூல் தேவைப்படுகிறது.

இக்கருத்தைத் தெளிவாக நிறுவியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜோசப் பிளாக். உருகுநிலையை எட்டிவிட்ட பனிக்கட்டி, மேலும் சிறிதளவு வெப்பம் பட்டதும் முழுவதும் நீராகிவிடும் என்றே அக்காலத்தவர் எண்ணினர். அப்படியானால் குளிர்காலம் நீங்கியதும் மலைப்பனி ஒரே வீச்சில் உருகிப் பெருவெள்ளமாகப் பாய வேண்டுமே, ஏன் பாயவில்லை என்று பிளாக் கேட்டார். 1760களின் தொடக்கத்தில், இரு கண்ணாடிக் குடுவைகளில் ஒன்றில் பனிக்கட்டியையும் மற்றதில் அதே எடையுள்ள, உறைநிலையை ஒட்டிய குளிர்நீரையும் ஒரே கூடத்தில் வைத்துப் பார்த்தார். நீரின் வெப்பநிலை அரை மணி நேரத்தில் 7 டிகிரி பாரன்ஹீட் உயர்ந்தது. பனிக்கட்டி உருகி அதே வெப்பநிலையை எட்டப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. இடையில் அது உள்வாங்கிய வெப்பத்தில் பெரும்பகுதியை வெப்பமானி காட்டவே இல்லை என்பதால், ‘மறைந்திருத்தல்’ எனப் பொருள்படும் ‘லாட்டேரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல்லால் பிளாக் அதைக் குறித்தார். அவர் 1799இல் காலமானார். அவருடைய விரிவுரைகள் 1803இல்தான் நூலாயின.

தமிழில் இதற்கு இரு சொற்கள் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘மறை வெப்பம்’ என்கின்றன. தமிழகப் பாடநூல்கள் ‘உள்ளுறை வெப்பம்’ என்கின்றன. முன்னது இலத்தீன் சொல்லுக்கு மிக நெருக்கமானது என்றாலும், பின்னதே பொருந்தும் என்பது என் கருத்து. சென்ற வெப்பம் எங்கே போயிற்று என்பதை ‘மறை’ சொல்வதில்லை. உள்ளேதான் தங்கியிருக்கிறது என்பதை ‘உள்ளுறை’ சொல்லிவிடுகிறது. நீராவி மீண்டும் நீராகும்போது அதே 2,257 கிலோஜூலும் வெளிப்படுகிறது. கொதிநீர் பட்ட புண்ணைவிட நீராவி பட்ட புண் கொடியதாக இருப்பது இதனால்தான். தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமத்திலும், நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம் போன்ற கருப்பொருள்களைப் பற்றிய வருணனைக்குள் புலவன் வைத்த பொருள் வெளிப்படையாகத் தோன்றாமல், உணர்ந்து கொள்வோர்க்காக உள்ளே தங்கியிருக்கிறது. இங்கே ‘உறை’ என்பது ‘உறைவிடம்’ என்பதிலுள்ள ‘தங்குதல்’. ‘உறைநிலை’ என்பதிலுள்ள ‘உறைதல்’ அன்று.

ஆனால் இப்பெயரின் பிற்பகுதியான ‘வெப்பம்’ இன்றைய இயற்பியலுக்கு முழுவதும் இசைவதன்று. வெப்பநிலை வேறுபாட்டால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பாயும் ஆற்றலையே இப்போது வெப்பம் என்கிறோம். பாய்ந்து முடிந்தபின் அது பொருளின் அக ஆற்றலாகிவிடுகிறது. மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டாமல், அவற்றிடையே உள்ள ஈர்ப்பைத் தளர்த்துவதற்கு அந்த ஆற்றல் செலவாவதால்தான் வெப்பநிலை அசையாமல் நிற்கிறது. வெப்பத்தை ஒரு பாய்மமாகக் கருதிய பிளாக்கின் காலத்துப் பெயர், அக்கருத்து வீழ்ந்த பின்னும் நிலைத்துவிட்டது.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இந்த ஆற்றல் நாள்தோறும் உடலில் தெரிகிறது. வியர்வை ஒரு கிலோகிராம் ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 கிலோஜூல் நீங்கும்; காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் தளர்ந்து, அந்த வெப்பம் நம்மிடமே தங்கிவிடுகிறது. இந்நிலைக்கு நாம் வழங்கும் ‘புழுக்கம்’ என்னும் சொல், ‘புழுங்கல் அரிசி’யில் உள்ள ‘புழுங்கு’ என்னும் வினையிலிருந்தே பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடுகளில் ஏர்கான் குழாயிலிருந்து சொட்டும் நீர், அறைக்காற்றில் ஆவியாக இருந்ததுதான். அந்த நீரில் ஒவ்வொரு கிலோகிராமும் உருவாகும்போது விடுவிக்கும் ஏறத்தாழ 2,450 கிலோஜூலையும் ஏர்கான் வெளியே கடத்தியாக வேண்டும். சுமார் 240 கிலோகிராம் காற்றை 10 டிகிரி குளிர்விப்பதற்கு ஈடான பணி அது. ஆகவே பொறியாளர்கள் ஏர்கானின் திறனைக் கணக்கிடும்போது, வெப்பமானியில் தெரியும் ‘உணர் வெப்பம்’, காற்றின் ஈரத்தில் உள்ள உள்ளுறை வெப்பம் இரண்டையும் தனித்தனியே கண்டு கூட்டுகிறார்கள். முன்னதை மட்டும் கருதிப் பொருத்திய கருவி, அறையைக் குளிர்வித்தாலும் ஈரத்தைப் போதிய அளவு நீக்காது.