விர்ச்சுவல் மெஷினுக்கு உங்கள் என்விடியா அட்டை தெரியாது

"விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு போட்டேன். திரை சின்னதாகவே நிற்கிறது. என்விடியா டிரைவர் போட்டுப் பார்த்தேன், இப்போது வெறும் கறுப்புத் திரைதான் வருகிறது." இதே புலம்பல் எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டாயிற்று. திரை சின்னதாக இருப்பது பத்து நிமிட வேலை. அந்த டிரைவர்தான் ஒரு மாலைப்பொழுதையே தின்றுவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் உங்கள் கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உருவாக்குகிறது. அந்த விர்ச்சுவல் மெஷின் தனிக் கணினி. அதற்குள் எந்த கிராஃபிக்ஸ் அட்டை இருக்கிறது என்பதை முடிவு செய்வது விர்ச்சுவல்பாக்ஸ்தான், நீங்கள் கடையில் வாங்கிய பில் அல்ல. உள்ளே டெர்மினலைத் திறந்து சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டிப் பாருங்கள்: 'விஎம்வேர் எஸ்விஜிஏ 2' என்று ஓர் அட்டை வரும். (விர்ச்சுவல்பாக்ஸுக்குள், அதே மாதிரி இன்னொரு மென்பொருளான விஎம்வேரின் பெயரா என்று பதற வேண்டாம். விஎம்எஸ்விஜிஏ கன்ட்ரோலர் அந்த அட்டையைத்தான் போலி செய்கிறது.) அதற்கான விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. இல்லாத அட்டைக்கு டிரைவர் போட்டால் வேலை செய்யுமா? லட்ச ரூபாய் அட்டை வைத்திருந்தாலும் சரி, மதர்போர்டோடு வந்ததே போதும் என்றிருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸிலேயே இருக்கும் விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம்மில் முழு அட்டையையும் உள்ளே ஒப்படைக்கிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையும் தேவைப்படாது.

உங்கள் மானிட்டர் 1920 × 1080 என்பதும் உள்ளே தெரியாது. விண்டோவின் அளவை உள்ளே எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் தரும், மெஷினுக்குள் நிறுவ வேண்டிய 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற தொகுப்பு செய்வது அந்த வேலையைத்தான்.

முதலில் மெஷினை முழுவதுமாக ஷட் டவுன் செய்யுங்கள். 'சேவ் ஸ்டேட்' போதாது. செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய், கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி என்று வையுங்கள். பல மெஷின்களில் இது 16 எம்பியாகவே கிடக்கும். கணக்கு எளிது: ஒரு பிக்சலுக்கு 4 பைட். 1920 × 1080 திரைக்கு ஏறக்குறைய 8 எம்பி போதும். 3840 × 2160 என்றால் 32 எம்பியை ஒட்டி வரும், 16-க்குள் எப்படி அடங்கும்? அதற்காக 128 வைத்தால் வேகம் கூடும் என்று நினைக்காதீர்கள். கூடாது.

அடுத்து, உள்ளே உபுண்டுவின் பேக்கேஜ் கட்டளையான ஆப்ட் வழியாக எல்லா அப்டேட்டையும் போட்டு ரீபூட் செய்யுங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் ஒன்று, நிறுவிய ஹெடர் (கர்னலுக்கு மாட்யூல் கட்டத் தேவையான ஃபைல்கள்) வேறொன்று என்றானால், கெஸ்ட் அடிஷன்ஸ் கர்னலில் சேர்க்கும் மாட்யூல் கம்பைல் ஆகாது. பிறகு அந்த மாட்யூலைக் கட்ட உதவும் பில்ட்-எசென்ஷியல், டிகேஎம்எஸ், அதே கர்னலுக்கான லினக்ஸ்-ஹெடர்ஸ் ஆகியவற்றை நிறுவுங்கள். டிவைசஸ் மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகி, அதிலுள்ள விபாக்ஸ்லினக்ஸ்அடிஷன்ஸ் ஃபைலை சூடோவுடன் (நிர்வாகி அனுமதியோடு) ஓட்டி, மறுபடி ரீபூட். வியூ மெனுவில் 'ஆட்டோ-ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே' டிக் ஆகியிருக்கட்டும். விண்டோவின் மூலையை இழுத்தால் திரையும் கூடவே விரியும்.

விரியவில்லையா? வார்-லாக் ஃபோல்டரில் விபாக்ஸ்ஆட்-செட்டப் லாகைப் படியுங்கள், காரணம் அங்கே எழுதியிருக்கும். உபுண்டு களஞ்சியத்தின் கெஸ்ட் பேக்கேஜையும் சிடியையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டில் ஒன்று போதும். நிறுவாமல் ஓட்டிப் பார்க்கும் 'ட்ரை உபுண்டு'வில் போட்டால் ரீபூட்டோடு எல்லாம் காணாமல் போகும். படம் மங்கலாக நீண்டு, மெனு பாரும் காணவில்லை என்றால் எதுவும் கெடவில்லை, கை தவறி ஸ்கேல்டு மோடுக்குப் போய்விட்டீர்கள். வலது கன்ட்ரோலுடன் சி அழுத்தினால் திரும்பிவிடும். திரை மினுக்கினால் 3டி ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்கள்.

எக்ஸ்ராண்டர் கட்டளையால் புது மோடு (திரை அளவு) சேர்க்கச் சொல்லும் யோசனை எங்கும் சுற்றுகிறது. உபுண்டு 22.04, 24.04 இரண்டிலும் திரையைக் கையாள வழக்கமாக வருவது வேலண்ட், அங்கே இது பலிக்காது. லாகின் திரையின் பற்சக்கரத்தில் பழைய திரை முறையான 'உபுண்டு ஆன் எக்ஸார்க்' தேர்ந்தெடுத்தால் பலிக்கும், ஆனால் லாக் அவுட் செய்தால் போய்விடும். அவசரத்துக்கு மட்டும்.

விஎம்வேர்காரர்கள் ஓபன்-விஎம்-டூல்ஸ் மட்டும் போட்டுவிட்டுத் திரை விரியவில்லை என்கிறார்கள். அதன் டெஸ்க்டாப் பேக்கேஜும் வேண்டும். கேவிஎம் மெஷின்களை நிர்வகிக்கும் வர்ட்-மேனேஜரில் இதே வேலைக்கு ஸ்பைஸ்-விடிஏஜென்ட் போடுங்கள்.

4கே லேப்டாப்பில் எழுத்து எறும்பு மாதிரி தெரிந்தால் ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், எல்லாம் மங்கிப்போகும். உபுண்டு செட்டிங்ஸில் டிஸ்ப்ளேஸ் பகுதியில் ஸ்கேலை 200% ஆக்குங்கள்.

என்விடியாவை ஏற்கெனவே போட்டுத் திரை கறுத்துப் போனவர்களுக்கு: மெஷினை அழித்துவிட வேண்டாம். வலது கன்ட்ரோலுடன் எஃப்3 அழுத்தினால் பெரும்பாலும் எழுத்துத் திரை வரும். லாகின் செய்து, என்விடியா என்று தொடங்கும் பேக்கேஜ்களை ஆப்ட் பர்ஜ் (முழு நீக்கம்) செய்யுங்கள். இடிசி ஃபோல்டருக்குள் எக்ஸ்11-இல் எக்ஸார்க்-கான்ஃப் ஃபைல் இருந்தால் அதன் பெயரை மாற்றி வைத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். பழைய சின்னத் திரை திரும்பும். அங்கிருந்து கெஸ்ட் அடிஷன்ஸைத் தொடங்கலாம். தயவுசெய்து, அதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் சேமிப்பு) எடுத்துவிடுங்கள்.