ஷாம்பூ பாக்கெட் குப்பைக்கு யார் பொறுப்பு?

ஷாம்பூ பாக்கெட்டைக் கிழித்துப் போட்டதும் நம் வேலை முடிந்துவிடுகிறது. விற்ற நிறுவனத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்கின்றன பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள். 2016-இல் வந்த இவ்விதிகளில், 2022 பிப்ரவரியில் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’க்கான வழிமுறைகள் சேர்ந்தன. பெயர்தான் வாயில் நுழையாது, விஷயம் எளிது. உறை தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், உறையில் தன் பெயரைப் போட்டு விற்பவர் ஆகியோர், சந்தையில் இறக்கிய பிளாஸ்டிக்கின் எடைக்கு ஈடான கழிவைக் கையாண்டதாகக் கணக்குக் காட்ட வேண்டும். 2021-22-இல் 25 சதவீதத்துக்கு, மறு ஆண்டு 70-க்கு, 2023-24 முதல் முழு அளவுக்கும். சொந்தப் பெயரில் விற்கும் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு.

இதற்காக நிறுவனம் தன் பாக்கெட்டையே தேடிப் பொறுக்க வேண்டியதில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் கழிவைக் கையாண்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்றிதழ் உருவாக்குவார். நிறுவனம் அதை வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். காகிதத்தில் நடக்கும் வேலை என்றால் கேட்கவா வேண்டும்? 2023-இல் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன.

என் பார்வையில், விதியின் உயிர் வகைப்பிரிப்பில் இருக்கிறது. கெட்டி பாட்டில், டப்பா முதல் வகை. பிளாஸ்டிக்கால் மட்டுமே ஆன பை, பாக்கெட் இரண்டாம் வகை. அலுமினியத் தாளோ காகிதமோ சேர்ந்த பல அடுக்கு உறை மூன்றாம் வகை. மட்கும் பிளாஸ்டிக் நான்காம் வகை. ஒரு வகைச் சான்றிதழ் இன்னொரு வகைக்குச் செல்லாது. பாட்டிலைப் பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். காசு பெறாத பாக்கெட்டை யார் குனிந்து எடுப்பார்கள்? வகை பிரிக்காமல் விட்டிருந்தால், எல்லா நிறுவனங்களும் பாட்டில் கணக்கைக் காட்டிவிட்டுப் போயிருக்கும்.

கணக்குக் காட்டும் கழிவில் குறைந்தபட்சம் மறுசுழற்சி செய்ய வேண்டிய பங்கு, 2024-25-இல் பாட்டிலுக்கு 50 சதவீதம், பாக்கெட்டுக்கு 30. 2027-28-இல் இவை 80, 60 ஆக உயரும். மறுசுழற்சிக்கு உதவாதது மட்டும் சாலை போடவோ சிமென்ட் சூளைக்கோ போகலாம்.

இலக்கு தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டினாலும் கடமை தீராது. பாக்கி மூன்று ஆண்டுகள் வரை தொடரும். ஓராண்டுக்குள் முடித்தால் கட்டிய தொகையில் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும், இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 40.