கழுவுற தண்ணியே கிருமியைப் பரப்பும்

வெட்டிக் கழுவி பாக்கெட்ல வர்ற லெட்டூஸ், ஸ்பினாச் பிராசஸ் பண்ற இடங்கள்ல மைக்ரோபயாலஜி வேலை பாக்குறேன். "மூணு தடவை கழுவுறோமே, அப்புறம் எப்படிங்க கிருமி இருக்கும்?" இந்தக் கேள்வியைக் கேக்காத ஆளே இல்ல.

இலையில ஏற்கனவே ஒட்டியிருக்குற பாக்டீரியாவ குளோரின் தண்ணி பெரும்பாலும் 90-லேருந்து 99 சதவீதம் வரைக்கும்தான் குறைக்கும். கேக்க பெருசா இருக்கும், ஆனா ஒரு இலையில லட்சம் இருந்தா கழுவுனதுக்கப்புறமும் ஆயிரமாவது மிச்சம் இருக்குமே. ஈ.கோலை ஓ157-ங்கிற ஆபத்தான குடல் பாக்டீரியா நூறுக்கும் கம்மியா உள்ள போனாலே போதும், படுக்க வச்சிடும், சின்னக் குழந்தைங்களுக்கு கிட்னியே ஃபெயில் ஆகலாம். அப்போ குளோரின் எதுக்கு? ஒரு இலையோட கிருமி தண்ணி வழியா மத்த இலைக்குத் தாவாம இருக்கத்தான், அதுதான் அதோட முக்கிய வேலை.

ஒரு இடத்துல லாக் ஷீட்ல மணிக்கு மணி குளோரின் ரீடிங் அழகா எழுதியிருந்துச்சு, எல்லாமே லிமிட்குள்ள. நான் இலை வெளியேறுற பக்கம் போய் டெஸ்ட் ஸ்ட்ரிப்ப முக்குனேன், கலரே வரல, அதாவது அங்க குளோரினே இல்ல. ரீடிங் எடுத்த தம்பி பொய் எழுதல, குளோரின் வந்து விழுற டோஸிங் பைப் பக்கத்துலயே தண்ணி எடுத்துப் பாத்திருக்காரு, அங்க எப்பவும் நல்லாத்தானே காட்டும்! வெட்டுன இலையிலேருந்து சாறு இறங்க இறங்க, மண்ணு சேரச் சேர குளோரின் தீந்துக்கிட்டே போகும், அதனால காலைல கலந்த அளவ வச்சு மத்தியான டேங்க்கை நம்பவே முடியாது. பிஎச்சும், அதாவது தண்ணியோட அமில-கார அளவும் பாக்கணும், 6.5-லேருந்து 7 வரைக்கும் இருந்தா நல்லது, 8-க்குப் போயிட்டா இருக்குற குளோரின்ல கால்வாசிதான் உருப்படியா வேலை செய்யும்.

இன்னொண்ணு, வயல் சூட்டோட வர்ற இலைய நேரா ஜில் தண்ணியில போட்டா, வெட்டுன முனை வழியா தண்ணி உள்ள இழுபடும், கூடவே கிருமியும் போயிடும், அதுக்கப்புறம் எவ்வளவு கழுவியும் பிரயோஜனம் இல்ல. முதல்ல இலைய குளிர வைங்க.

பிளேடு, கன்வேயர் அடிப்பக்கம், ஸ்பின் டிரையர், டிரெயின், இங்கெல்லாம் லிஸ்டீரியாங்கிற பாக்டீரியா பயோஃபிலிமா, அதாவது வழவழன்னு ஒரு படலமா ஒட்டி உக்காந்துக்கும். அது ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும், மெதுவாத்தான், ஆனா வளரும். அதனாலதான் 5 டிகிரிக்கு மேல போகாமப் பாத்துக்கச் சொல்லி கத்திக்கிட்டே இருக்கோம்.

2006-ல அமெரிக்காவுல பாக்கெட் ஸ்பினாச்சால 26 மாநிலத்துல 199 பேருக்கு ஓ157 தொற்று வந்துச்சு, மூணு பேர் இறந்தாங்க. இந்தத் தொழில்ல கொதிக்க வைக்கிற ஸ்டெப்பே கிடையாது, வயல்லேருந்து ஏறுன கிருமிய முழுசா கொல்ல நம்மகிட்ட வழி இல்ல. கடைசியில ஒரு பாக்கெட்லேருந்து 25 கிராம் எடுத்து டெஸ்ட் பண்ணி நெகட்டிவ் வந்துச்சுன்னா அது அந்த 25 கிராமுக்கான பதில்தான், அன்னிக்கு ஓடுன டன் கணக்கான இலைக்கு இல்ல, இதை மேனேஜ்மெண்ட்டுக்குப் புரிய வைக்கத்தான் நான் ரொம்ப கஷ்டப்படுறேன்.

வாங்கிச் சாப்பிடுறவங்களுக்கு: "கழுவியது"ன்னு போட்ட பாக்கெட்ட திரும்பக் கழுவாதீங்க, சிங்க்ல கிடக்குற கிருமிதான் புதுசா ஏறும். கர்ப்பிணிங்க, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கவங்க இலைய வேகவச்சே சாப்பிடுங்க.