துணை வேட்பாளரின் பழைய கையெழுத்துகளைப் பாருங்கள்

அரசியல் அறிவியல் வகுப்பில் பிற நாட்டுத் தேர்தல்களை நடத்தும்போது, துணை அதிபர் வேட்பாளரைப் பல மாணவர்கள் ஒப்புக்குச் சேர்த்த பெயராகவே கடந்துபோகிறார்கள். அதனால்தான் இந்தோனேசியாவின் 2019 தேர்தலை நான் விரிவாக எடுத்துப் பேசுகிறேன்.

அதிபர் ஜோகோ விடோடோ (சுருக்கமாக ஜோகோவி) அப்போது மறுதேர்தலைச் சந்திக்கவிருந்தார். அவர் உண்மையான முஸ்லிம் இல்லை, சீன வம்சாவளி, கம்யூனிஸ்ட் என்றெல்லாம் 2014 முதலே வதந்தி ஓடியது. ஜகார்த்தாவில் அவருடைய துணை ஆளுநராக இருந்து, பின்னர் ஆளுநரான கிறிஸ்தவர் அஹோக், குர்ஆனை அவமதித்தார் என்ற புகாரில் தேர்தலில் தோற்று, 2017 மே மாதம் 2 ஆண்டு சிறைத் தண்டனையும் பெற்றார். தனக்கும் அதே கதி நேரலாம் என்று ஜோகோவி அஞ்சக் காரணம் இருந்தது.

துணை வேட்பாளராகச் சட்ட அறிஞர் மஹ்ஃபூத் வருவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவரும் தயாராகவே இருந்தார். ஆனால் 2018 ஆகஸ்ட் 9 அன்று அறிவிக்கப்பட்ட பெயர் மஅரூஃப் அமீன். 75 வயது மதகுரு, உலமா மன்றம் எனப்படும் இஸ்லாமிய அறிஞர்கள் அமைப்பின் தலைவர். அஹோக் பேசியது மத அவமதிப்பே என்ற மன்றத்தின் முடிவில் கையெழுத்திட்டவரும் இவர்தான். மதப் பன்மைவாதத்தையும் சிறுபான்மை முஸ்லிம் பிரிவினரான அஹமதியாக்களையும் எதிர்த்து 2005இல் அதே மன்றம் ஃபத்வா வெளியிட்டபோது, ஃபத்வா குழுவுக்குத் தலைமை வகித்தவரும் இவரே.

சரி, வாக்கு வந்ததா? மஅரூஃபின் சொந்த மாகாணமான பாண்டெனிலேயே ஜோகோவி தோற்றார். பழமைவாத முஸ்லிம்கள் மிகுந்த ஆச்சேயிலும் மேற்கு சுமத்ராவிலும் 2014ஐவிட மோசமான தோல்வி. மஅரூஃப் சார்ந்த நஹ்தலத்துல் உலமா என்ற முஸ்லிம் அமைப்பு வலுவாக உள்ள கிழக்கு, மத்திய ஜாவாவில் வாக்கு கூடியது. மொத்தத்தில் 55.5 சதவீதத்துடன் வென்றார். தீவிரமான பழமைவாதிகள் மனம் மாறவில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன். மதகுருவை அருகில் நிறுத்தியதன் முதல் பயன், 'மதத்துக்கு எதிரி' என்ற குற்றச்சாட்டின் கூர் மழுங்கியது. எதிரணிப் பிரபோவோவுக்கு அந்தக் கவசம் தேவைப்படவில்லை. தன்னை ஆதரித்த உலமாக்கள் பரிந்துரைத்த மதத் தலைவர்களை விட்டுவிட்டு, தொழிலதிபர் சாண்டியாகா ஊனோவை அவர் சேர்த்துக்கொண்டார்.

அமெரிக்காவில் 2016இல் டிரம்ப் மைக் பென்ஸைத் தேர்ந்ததும் இந்த வகைதான். மும்முறை மணந்தவர், ஒரு காலத்தில் கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர் என்ற சந்தேகம் டிரம்ப் மீது இருந்தது. இண்டியானா ஆளுநராக மதச் சுதந்திரச் சட்டத்திலும் கருக்கலைப்புக் கட்டுப்பாட்டிலும் கையெழுத்திட்டிருந்த பென்ஸ், டிரம்புக்கு ஜாமீன் நின்றார்.

இந்த மாதிரித் தேர்வு அறிவிக்கப்பட்டதும் 'யாரைக் கவர இவர்?' என்ற கேள்விதான் செய்திகளில் ஓடும். அதோடு நிறுத்தாமல், அவர் முன்பு எதில் கையெழுத்திட்டார், அதனால் யாருக்கு என்ன ஆனது என்று தேடிப் படிக்கும்படி மாணவர்களிடம் சொல்கிறேன். மஅரூஃபின் கையெழுத்துகள் சிறுபான்மையினரைப் பாதித்திருந்தும், இந்துக்கள் பெரும்பான்மையாக வாழும் பாலியில் 90 சதவீதத்துக்கும் மேல் ஜோகோவிக்கே விழுந்தது. மஅரூஃபைப் பிடிக்காத சிறுபான்மையினருக்கும் பிரபோவோவின் அணி அதைவிட அச்சமூட்டியது. அவர்கள் வேறெங்கும் போக மாட்டார்கள் என்ற கணக்கு இருந்ததால்தான் அந்தத் தேர்வே சாத்தியமானது.