மலைநாட்டில் பூனைக்கு வெளிக் கூண்டு: மழையையும் இரவையும் நினைத்துக் கட்டுங்கள்

வெளியே திரியும் பூனைகளுக்குச் சிகிச்சையில் அடிக்கடி பார்ப்பது நாய்க்கடியும், பூனைச் சண்டையில் பல் இறங்கிச் சீழ் கட்டிய காயங்களும். இலங்கை மலைநாட்டில் இவற்றோடு இன்னும் இரண்டு சேரும். ஒன்று, மரக்கறித் தோட்டத்தில் மருந்து அடித்த இலைகளுக்குள் நடந்துவிட்டு வந்து பாதத்தை நக்குவது. மற்றது, காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் இப்படியொரு கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் பிழைக்கவில்லை. பூனையின் இடுப்பில் இந்தக் கம்பி இறுகினால் மயிர் மேலே மூடிக்கொள்ளும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. விரலால் தடவினால்தான், தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும் கம்பி தட்டுப்படும்.

வீட்டை ஒட்டி ஒரு கூண்டு இருந்தால் இவை பெரும்பாலும் தவிர்ந்துவிடும். ஆனால் இணையத்தில் காணும் வெளிநாட்டுக் கூண்டுகளை அப்படியே இங்கே கட்டக்கூடாது. அவை பூனை தப்பி ஓடாமல் இருப்பதை மட்டும் நினைத்துக் கட்டியவை. இங்கே முதல் எதிரி ஈரம், அடுத்தது இரவு.

மழை இங்கே பக்கவாட்டில் அடிக்கும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றோடு வரும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் கடுமை. உங்கள் இஸ்தோப்பில் எந்தப் பக்கத்துத் தரை முதலில் நனைகிறது என்று பாருங்கள். கூண்டின் அந்தப் பக்கத்தைத் தகடடித்து மூடிவிடுங்கள். மற்றப் பக்கங்கள் வலையாக இருக்கட்டும். எல்லாப் பக்கமும் தறப்பாள் கட்டி மூடினால் காற்று ஓடாது, ஈரம் வெளியேறாது. தும்மலும் கண்ணில் நீர் வடிதலும் ஒரு பூனையிலிருந்து மற்றதற்குத் தொற்ற அது வழி செய்யும்.

இரண்டு பூனைகளுக்கு 8 அடி நீளம், 4 அடி அகலம் போதும். சுவர்ப் பக்கம் 7 அடியும் முன்பக்கம் 6 அடியும் உயரம் வைத்தால் கூரைக்கு நல்ல சரிவு கிடைக்கும். சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குல ஜீ.ஐ. பொக்ஸ் பார் (நாகம் பூசிய சதுர இரும்புக் குழாய்), 20 அடி நீளத்தில் 7 தேவைப்படும். 4 அடி அகல வலை என்றால் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, கூரையின் அடிப்பக்கம், தரையோரம் ஒரு அடி மடிப்பு எல்லாமாக ஏறத்தாழ 40 அடி வரும். வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்து 45 அடி வாங்குங்கள். சட்டத்தின் இடைவெளியை வலையின் அகலத்துக்கு ஏற்ப அமைத்தால் வீணாகாது. வலையை முதலில் வாங்கி, பிறகு சட்டத்தை அளந்து வெட்டுவது நல்லது.

வலையில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். அறுகோணக் கண் உள்ள கோழிக்கூட்டு வலை வேண்டாம். நாய் ஒன்று பல்லால் பிடித்து இழுத்தால் முறுக்கு அவிழ்ந்து ஓட்டை பெரிதாகிவிடும். நைலோன் வலையைப் பூனையே கடித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளை வெல்டிங் செய்து ஒட்டிய வலை), 18 கேஜ் அல்லது அதைவிடத் தடிப்பாக இருக்கவேண்டும். கேஜ் எண் குறையக் குறையத்தான் கம்பி தடிக்கும். ஒரு அங்குலக் கண் பூனையைத் தடுக்கும். ஆனால் எலிக்குஞ்சும் சிறு பாம்பும் உள்ளே வரும். வலையைச் சட்டத்தின் உட்பக்கமாக, பெரிய வொஷர் போட்ட திருகாணியால் 6 அங்குலத்துக்கு ஒன்றாகப் பூட்டுங்கள். உள்ளிருந்து பூனை பாய்ந்தால் வலை சட்டத்தோடு அழுந்தும். மரச் சட்டத்தில் ஸ்டேப்பிள் மட்டும் அடித்தால், ஈரத்தில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் மரம் விரிந்து சுருங்க, ஆணிக்கால் மெல்ல மெல்ல வெளியே வரும். பூனை அந்த மூலையை நமக்கு முன்னே கண்டுபிடித்துவிடும்.

சட்டத்தில் வெல்டிங் செய்த இடத்தில் நாகப் (சிங்க்) பூச்சு எரிந்துபோகும். பனிமூட்டத்தில் துரு முதலில் பிடிப்பது அந்தப் பொட்டுகளில்தான். வேலை முடிந்த அன்றே கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத் தடுப்பு மை இரண்டு பூச்சுப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். மரக்காலுக்குக் கறையான் பிடிக்காமல் கழிவு ஒயில் பூசும் வழக்கம் உண்டு. பூனைக் கூண்டில் அதைச் செய்யவே வேண்டாம். மேலில் ஒட்டியதை எல்லாம் பூனை நக்கித்தான் சுத்தம் செய்யும்.

கால்களை மண்ணில் நடாமல், ஒரு அடிச் சதுரத்தில் ஒன்றரை அடி ஆழக் குழியில் கொங்கிரீட் போட்டு நிறுத்துங்கள். பழைய லயத்துக் கற்சுவர்களில் போல்ட் பிடிக்காது. காரை உதிர்ந்து கையோடு வரும். அங்கே கூண்டு தன் காலிலேயே நிற்கவேண்டும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவைப்படும் வீடு என்றால், கழற்றி எடுக்கக்கூடியதாகப் பூட்டுவதே நல்லது. இடம் போதவில்லை என்று பின்னாலுள்ள மண்மேட்டை வெட்டாதீர்கள். மழைக்காலத்தில் அந்த மேடு வீட்டின் மேலேயே சரியலாம். தரைக்கு மெல்லிய சீமெந்துப் பூச்சு, 4 அடிக்கு ஒரு அங்குலம் கானைப் பார்த்துச் சரிவு.

கூரைத் தகட்டின் நெளிவுக்கும் சட்டத்துக்கும் இடையில் விழும் சந்துகளைக் கையால் தடவிப் பாருங்கள். குட்டி நுழைய அது போதும். கூரைக்கு அடியிலும் வலை கட்டச் சொல்வது இதற்காகத்தான். குரங்கு ஏறித் தகட்டைப் பெயர்த்தாலும் வலை தாங்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கதவு இருந்தால் நல்லது. இல்லையென்றால் கூண்டுக்குப் போகும் வழி வீட்டுக்குள்ளிருந்து மட்டும் இருக்கட்டும்.

உள்ளே தட்டுகள் 10 அங்குல அகலம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு அடி முதல் ஒன்றரை அடி உயர இடைவெளி. படுக்கைப் பெட்டி தரையில் வேண்டாம், மேல்தட்டில் மூடிய பக்கமாக வையுங்கள். வெள்ளைக் காதுள்ள பூனைக்கு நிழல் கட்டாயம். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். காற்று குளிர்ந்தாலும் வெயிலின் புறஊதாக் கதிர் கடுமை. காது நுனி சிவந்து பொருக்குத் தட்டி ஆறாமல் இருந்தால் அது தோல் புற்றின் தொடக்கமாக இருக்கலாம்.

கூண்டுக்கருகில் லில்லி வைக்காதீர்கள். மகரந்தம் மயிரில் பட்டு, அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். மலத்தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். டொக்சோபிளாஸ்மா கிருமி மலத்தோடு வெளியேறிய பிறகு, தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் எடுக்கும். கர்ப்பிணிகள் அந்த வேலையை வேறொருவரிடம் விடட்டும். கூண்டு கட்டிவிட்டோம் என்று விசர்நாய்க்கடித் தடுப்பூசியை நிறுத்தக்கூடாது. கருத்தடை செய்யாத கடுவன், வலைக்கு அப்பால் வரும் கடுவனோடு மூக்கு கிழியச் சண்டை போடும்.

இனி இரவு. தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாடும் நாட்டில் எந்த வெல்ட் மெஷும் போதாது. இந்தக் கூண்டு பகலுக்கு மட்டும். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி விழும். குட்டிக்கும் வயதான பூனைக்கும் அந்தக் குளிரே ஆபத்து. இரவுச் சாப்பாட்டைக் கூண்டில் வைக்காமல், மாலை ஐந்தரை மணிக்கு வீட்டுக்குள் வையுங்கள். தட்டில் கரண்டி படும் சத்தம் பழகிவிட்டால் பூனை தானாக உள்ளே வரும். பிறகு கூண்டு வழியைக் கொண்டி போட்டு மூடிவிடுங்கள்.