இன்ஜின் மாற்றிய வண்டியில் வோல்டேஜ் எங்கே தொலைகிறது?

கார்புரேட்டர் மாருதி ஜிப்சியில் எஸ்டீமின் எம்பிஎஃப்ஐ இன்ஜினை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் வகை; ஜி13பிபி, 1298 சிசி) ஏற்றுவது ஜிப்சி பிரியர்களுக்குப் பழக்கமான வேலை. இன்ஜினைத் தூக்கி வைத்து போல்ட் முறுக்குவது ஓரிரு நாளில் முடிந்துவிடும். அதன் பிறகு ஸ்டார்ட் ஆகாமல் வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகள்தான் அதிகம். பெரும்பாலும் காரணம் வயரிங். பழுதான சென்சார் என்று முடிவு கட்டிப் புதுசு வாங்கி மாட்டுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும்.

பழைய கார்புரேட்டர் இன்ஜினுக்கு மின்சாரத்தால் பெரிய வேலை இல்லை. செல்ஃப் அடிக்க வேண்டும், பிளக்கில் பொறி வர வேண்டும், பேட்டரி சார்ஜ் ஆக வேண்டும், அவ்வளவுதான். வழியில் அரை வோல்ட் குறைந்தால் ஹெட்லைட் சற்று மங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். எம்பிஎஃப்ஐ இன்ஜினில் நிலைமை வேறு. எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது பொறி கொடுப்பது என்பதையெல்லாம் ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) 0 முதல் 5 வோல்ட்டுக்குள் வரும் சென்சார் அளவுகளை வைத்தே தீர்மானிக்கிறது. இங்கே 0.3 வோல்ட் பிசகினால் அது மொத்த அளவுகோலில் 6 சதவீதம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது எர்த், அதாவது கரன்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டுகள்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாக மின்சாரம் பாயாது. பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கேபிளும், இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒரு எர்த் பட்டையும் இருந்தே ஆக வேண்டும். இன்ஜினை இறக்கும்போது கழற்றிய பட்டையை மறந்துவிடுவதும், புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தில் லக்கை (கேபிள் முனையிலுள்ள உலோக வளையம்) வைத்து முறுக்குவதும் அடிக்கடி நடப்பவை. செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நேர்வழி இல்லையென்றால் அந்தக் கரன்ட் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச் கேபிள் சுட்டால், அதன் உறையிலிருந்து புகை வந்தால், எர்த் பட்டை வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

இதை மல்டிமீட்டரின் பீப் ஒலியை வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. பீப் சோதனையில் மீட்டர் அனுப்பும் கரன்ட் ஒரு மில்லிஆம்பியர் அளவுதான். முப்பது இழைகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் இருந்தாலும் அது கத்தும். ஓம் அளவும் உதவாது. ஒரு கெட்ட இணைப்பில் 0.01 ஓம் மட்டுமே இருக்கலாம். மீட்டரின் சொந்த வயர்களிலேயே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. ஆனால் அந்த 0.01 ஓம் வழியாக 120 ஆம்பியர் பாய்ந்தால் 1.2 வோல்ட் தொலைகிறது. 144 வாட் அந்த ஒரு மூட்டில் சூடாகிறது. கரன்ட் பாயும்போது அளந்தால்தான் இது தெரியும்.

அளக்கும் முறை: இக்னிஷன் காயில் கப்ளரையும் (வயரைச் செருகும் இணைப்பு) இன்ஜெக்டர் கப்ளர்களையும் கழற்றிவிடுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகக் கூடாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் முனையில், கிளாம்ப்பில் அல்ல, ஈயத்திலேயே இருக்க வேண்டும். சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில். ஒருவர் 5 நொடி செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 காட்டினால் சிவப்பு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே கொண்டுவாருங்கள்: கேபிளின் லக், பிறகு கிளாம்ப். எந்த இடத்தைத் தாண்டும்போது அளவு சட்டென்று குறைகிறதோ, அங்கேதான் துரு, பெயின்ட் அல்லது தளர்ந்த போல்ட். பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனைதான்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

அடுத்தது சென்சார் எர்த். வயரிங்கை வெட்டி ஒட்டுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கூலன்ட் சென்சார், த்ராட்டில் சென்சார், மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) இவற்றின் எர்த் வயர் ஈசிஎம்மின் தனி முனைக்குத் திரும்ப வேண்டும். “எர்த் தானே” என்று அதைப் பாடியில் சேர்த்துவிட்டால், ரேடியேட்டர் ஃபேன் 10 ஆம்பியர் இழுக்கும்போதெல்லாம் பாடியில் உண்டாகும் சிறு வோல்டேஜ் சென்சார் அளவோடு கூடிவிடும். பாதையில் 0.03 ஓம் இருந்தால் 0.3 வோல்ட் ஏறும். கூலன்ட் சென்சாரில் வோல்டேஜ் ஏறினால் இன்ஜின் குளிர்ந்திருப்பதாக ஈசிஎம் எடுத்துக்கொள்ளும், பெட்ரோலைக் கூடுதலாக விடும். பிளக் கருக்கும், சைலன்ஸரில் கரும்புகை வரும். ஃபேன் ஓடும்போதும் ஹெட்லைட் போடும்போதும் மட்டும் ஐடிலிங் மாறுகிறதா? சென்சாரை விட்டுவிட்டு எர்த் வயரைத் தேடுங்கள்.

மீட்டர் போர்டின் டெம்பரேச்சர் முள்ளுக்குத் தனி சென்சார். அதற்கு ஒரே வயர், எர்த் அதன் மரை வழியாகவே கிடைக்கிறது. கசியாமல் இருக்க டெஃப்லான் டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றினால் முள் எழும்பாது.

செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் உயிர் இல்லாமல், சாவியை விடும் நொடியில் மட்டும் இன்ஜின் ஒரு முறை உதறுகிறதென்றால் ஈசிஎம்முக்கு சப்ளை எடுத்த இடம் தவறு. ரேடியோ ஓடும் அக்சஸரி லைன், செல்ஃப் அடிக்கும்போது துண்டிக்கப்படும். ஈசிஎம்மின் சாவி வழி சப்ளை, இக்னிஷன் ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் உயிரோடு இருக்கும் வயரிலிருந்து வர வேண்டும். செல்ஃப் அடித்துக்கொண்டே ஈசிஎம் கப்ளரில் அளந்து பாருங்கள். 9 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியையும் கேபிளையும் கவனியுங்கள்.

பல சென்சார்கள் ஒரே நேரத்தில் தவறான அளவு காட்டினால் அவற்றுக்குப் பொதுவான 5 வோல்ட் லைனை அளந்து பாருங்கள். 5க்குப் பதில் 1 வோல்ட் இருந்தால், சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 திரும்புகிறதோ, ஷார்ட் அந்தச் சென்சாரிலோ அதன் வயரிலோ இருக்கிறது.

ஐகேட்ஸ் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு) உள்ள வண்டியிலிருந்து வந்த ஈசிஎம் என்றால் அந்த வண்டியின் சாவி, ஆன்டெனா வளையம், கன்ட்ரோல் பெட்டி மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கேன் லைன் (கன்ட்ரோல் பெட்டிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் இரண்டு வயர்) உள்ள புதிய இன்ஜின்களில் இன்னொரு சிக்கல். கேன் ஜோடியின் இரு முனையிலும் 120 ஓம் தடை உண்டு. பேட்டரியைக் கழற்றி இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு முனைத் தடை இல்லை. அது பழைய வண்டியிலேயே விட்டுவந்த மீட்டர் போர்டிலோ வேறொரு பெட்டியிலோ இருந்திருக்கும்.

ஃப்யூஸ் போட்டவுடன் போகிறதா? ஃப்யூஸ் இடத்தில் 21 வாட் இன்டிகேட்டர் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்ப் முழுப் பிரகாசமாக எரியும், வயருக்கு ஆபத்தில்லை. வயரிங்கை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே வந்தால், உரசும் இடத்தில் பல்ப் மினுக்கும்.

சாவியை அணைத்தும் இன்ஜின் ஓடினால் ஆல்டர்னேட்டரின் எல் முனையைப் பாருங்கள். பேட்டரி லாம்ப் வழியாக அந்த முனைக்கு வரும் சிறு கரன்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. இன்ஜின் ஓடும்போது அதே வயரில் 14 வோல்ட் எதிர்த்திசையில் வந்து, இக்னிஷன் லைனையும் ஈசிஎம்முக்கு சப்ளை தரும் மெயின் ரிலேயையும் பிடித்துவைத்துவிடும். லாம்ப்புக்கும் எல் முனைக்கும் இடையே ஒரு 1என்4007 டயோடை, அதன் வெள்ளிக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கும்படி சேருங்கள். லாம்ப்பை எடுத்துவிட்டு நேரடி வயர் கொடுக்காதீர்கள். எல்இடியும் போதாது, அதன் வழியே வரும் கரன்ட் மிகக் குறைவு, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்வரை சார்ஜ் ஏறாது.